8, 9ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2 இரவு உயிர்காப்புப் பயிற்சி முகாம்: எதை வைப்பது, எதை விடுவது?

தண்டையார்பேட்டை வகுப்பறை எழுதியது:

வணக்கம். ஜனவரி கடைசி வாரத்தில் 40 பிள்ளைகளை 2 இரவு 3 பகல் வெளியே தங்கவைத்துப் பயிற்சி கொடுக்க இருக்கிறோம். 22 பெண் பிள்ளைகள், 18 பையன்கள். கூட வருவது 5 ஆசிரியர்கள். முகாம் நடத்திக் கொடுக்கும் ஒரு நிறுவனத்திடமிருந்து திட்டம் வந்திருக்கிறது: கல் உரசித் தீ மூட்டுவது, கத்திப் பயிற்சி, காட்டுக் கிழங்கு தேடுவது, ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது, ஒரு வேளை பட்டினி, நள்ளிரவு நடை. இடம் பொன்னேரி, பழவேற்காடு பக்கம் ஒரு சவுக்குத் தோப்பு. இதில் எது நம் பிள்ளைகளுக்கு உதவும்? எது ஆபத்து? விவரம் தெரிந்தவர்கள் அளவோடு சொல்லுங்கள்.

கத்திவாக்கம் கயிறு எழுதியது:

சார், அந்தத் திட்டத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். கொருக்குப்பேட்டைப் பிள்ளைக்கும் வியாசர்பாடிப் பிள்ளைக்கும் உயிர் ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். காட்டில் வழி தவறியா? இடுப்பளவு வெள்ளத்தில் கண்ணுக்குத் தெரியாத மேன்ஹோல், தண்ணீரில் அறுந்து விழுந்த மின்கம்பி, கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய தூண்டில் வளைவுக் கல்லை ஒட்டிக் குளிப்பது, மே மாத மதிய வெயில். 2016 வர்தா புயலையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த பகுதி இது. அதனால் முதல் பாடம் தண்ணீர். அதிலும் முதல் பயிற்சி, தண்ணீரில் இறங்காமல் ஒருவரைக் காப்பாற்றுவது.

வரிசை இதுதான்: கையையோ கம்பையோ நீட்டு, எட்டவில்லையா கயிற்றை எறி, அதற்கும் எட்டவில்லையா ஆளைக் கூப்பிடு. குதிக்கக் கூடாது. மூழ்குகிறவர் கிட்டே வருகிறவரைப் பிடித்து அமுக்கிவிடுவார். குளத்தில் ஒரே இடத்தில் இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்து போவது பெரும்பாலும் இப்படித்தான்.

எறிகயிறு நாமே செய்யலாம். 8 மி.மீ. பாலிபுரொப்பிலின் கயிறு 15 மீட்டர் வாங்குங்கள். நைலான் வேண்டாம், மூழ்கிவிடும். சந்தேகம் இருந்தால் ஒரு சாண் நறுக்கி வாளித் தண்ணீரில் போடுங்கள், மிதந்தால் சரி. காசிமேட்டில் துறைமுகத்தை ஒட்டிய வலைக்கயிறு கடைகளில் இந்தக் கயிறு கிடைக்கும். ஒரு லிட்டர் பெட் பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றி இறுக மூடி, அதன் கழுத்தில் கயிற்றின் ஒரு நுனியைக் கட்டி, பாட்டிலை மஞ்சப்பையின் அடியில் வையுங்கள். மீதிக் கயிற்றை வளையமாகச் சுற்றி வைக்கவே கூடாது. கைக்குக் கை விட்டு, தானாக விழுகிற மாதிரி பைக்குள் திணிக்க வேண்டும். சுற்றி வைத்த கயிறு காற்றில் முடிச்சாகி ஐந்தாவது மீட்டரிலேயே நின்றுவிடும்.

எறியும்போது பையிலிருந்து மறு நுனியை ஒரு மீட்டர் இழுத்து இடது கையில் பிடி. மணிக்கட்டில் சுற்றாதே, கட்டாதே. பாட்டிலோடு பையைக் கீழிருந்து மேலாக வீசி, ஆளுக்கு மேலாகத் தாண்டி விழச் செய். ஆள் மீது குறிவைத்தால் எப்போதும் குறைந்துதான் விழும். கயிறு தோளில் பட வேண்டும், அப்போதுதான் கை தானாகப் பிடிக்கும். பிடித்த உடனே நீ உட்கார்ந்துவிடு. நின்றுகொண்டு இழுத்தால் நீயும் உள்ளே. முதல் வீச்சு தப்பினால் மறுபடி பைக்குள் திணிக்க நேரமில்லை. கயிற்றை இழுத்துக் காலடியில் விட்டு, பாட்டிலைப் பிடித்து அப்படியே வீசு, பாதித் தண்ணீரின் கனம் அதைக் கொண்டுபோகும்.

10 பை செய்தால் 4 பேருக்கு ஒன்று. பள்ளி மைதானத்திலேயே 8 மீட்டர் தூரத்தில் பழைய டியூப்பைப் போட்டு ஆளுக்கு 6 வீச்சு. இதற்கு முகாம்கூட வேண்டியதில்லை.

பெரம்பூர் அம்மா எழுதியது:

எறிகயிறு நல்ல யோசனை. ஆனால் பெற்றோர்கள் முதலில் கேட்பது வேறு. பாம்பு வந்தால்? பெண் பிள்ளைகளுக்குக் கழிவறை? ராத்திரி யார் விழித்திருப்பார்கள்?

முதலுதவிப் பெட்டி எழுதியது:

அக்கா, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நம் பக்கம் பயப்பட வேண்டியவை நான்கு: நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டு விரியன். முகாமுக்கு மோசமானது கட்டு விரியன். இரவில் நடமாடும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், பல் சின்னதாக இருப்பதால் பல சமயம் வலியோ வீக்கமோ இருக்காது. விடியற்காலையில் ஒரு பிள்ளை "வயிறு வலிக்குது மிஸ்" என்று எழுந்து, கண் இமை தொங்கி, பேச்சு குழறினால் சாப்பாட்டுக் கோளாறு என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். கடித்த தடம் தெரியாவிட்டாலும் பாம்புக்கடியாகவே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

கடித்தால் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, பாம்பைத் தேடி அடிக்கவும் கூடாது. மோதிரம், கொலுசு, வளையலைக் கழற்றுங்கள். எலும்பு முறிந்தால் கட்டுவதுபோல் கம்பு வைத்து அந்தக் கை அல்லது காலை அசையாமல் செய்யுங்கள். பிள்ளையை நடக்க விடாதீர்கள், தூக்கிச் செல்லுங்கள். 108. இந்த நான்கிற்கும் ஒரே விஷமுறி மருந்துதான், எந்தப் பாம்பு என்று தெரிய வேண்டிய அவசியமில்லை. முகாமுக்கு முதல் நாளே பொன்னேரி அரசு மருத்துவமனையிலும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நேரில் போய், விஷமுறி இருப்பு உண்டா, இரவில் டாக்டர் உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய மருத்துவமனை என்றால் ஸ்டான்லி, ஆனால் தோப்பிலிருந்து நேரே அங்கே ஓடி நடுவழியில் நேரத்தை இழக்க வேண்டாம்.

தடுப்பது இன்னும் எளிது. தார்பாய் விரித்து, மேலே பாய் போட்டு, கொசுவலையை நாலு பக்கமும் பாய்க்கு அடியில் செருக வேண்டும். சும்மா தொங்கும் வலை கொசுவைக்கூடத் தடுக்காது. சாப்பாட்டு மிச்சம் தங்கும் இடத்தில் இருந்தால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். சமையல் இடம் குறைந்தது 30 மீட்டர் தள்ளி. ராத்திரி எழுந்தால் டார்ச் இல்லாமல் ஒரு அடி வைக்கக் கூடாது. காலையில் ஷூவைக் கவிழ்த்துத் தட்டாமல் காலை விடக் கூடாது.

மழை முடிந்த மாதம் என்பதால் இன்னொன்று. புதர் ஓரம் உட்கார்ந்து படுத்து வந்த பிள்ளைக்கு 3 வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். புதரில் இருக்கும் சிற்றுண்ணி கடித்து வரும் காய்ச்சல் அது, பெயர் ஸ்க்ரப் டைஃபஸ். சரியான மாத்திரைக்குச் சீக்கிரம் கேட்கும், தாமதமானால் ஆபத்து. முகாம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் இதை இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

கழிவறை இல்லாத இடமாக இருந்தால் வேண்டாம் என்றே சொல்வேன். 22 பெண் பிள்ளைகளுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிவறை குறைந்தது 2, தண்ணீர், விளக்கு, நாப்கின் போட மூடியுள்ள தொட்டி. மாதவிலக்கு நாளில் எந்தப் பிள்ளையும் எதற்கும் விளக்கம் சொல்ல வேண்டிய நிலை வரக் கூடாது, தேவையானது கழிவறைக்குள்ளேயே ஒரு பெட்டியில் இருக்க வேண்டும். 5 ஆசிரியர்களில் 3 பேராவது பெண்கள். இரவு முறை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மாறட்டும், எப்போதும் இரண்டு பேர் சேர்ந்து.

வலைக்காரர் எழுதியது:

பழவேற்காட்டுக்குப் போறீங்கன்னா சில விஷயம் மனசுல வெச்சுக்கங்க சார்.

படகு வேணாம். 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு அந்த ஏரியில சுற்றுலா வந்தவங்க படகு கவிழ்ந்து 22 பேர் போயிட்டாங்க. முகத்துவாரத்துக்கிட்ட ஏரித் தண்ணியும் கடல் தண்ணியும் மோதுற இடத்துல இழுப்பு எந்தப் பக்கம் திரும்பும்னு வெளியாளுக்குத் தெரியாது. பிள்ளைங்க முழங்கால் தண்ணிக்கு மேல எங்கயும் இறங்கக் கூடாது, அதுவும் ஊர்க்காரர் ஒருத்தர் கூட நின்னாத்தான்.

ஏரி ஓரத்துச் சேத்துல நடக்கும்போது காலைத் தூக்கித் தூக்கி வைக்காதீங்க, தரையோட தேய்ச்சு நடங்க. சேத்துல புதைஞ்சு கிடக்குற திருக்கை அதிர்வு கேட்டா நகர்ந்துடும். மேல மிதிச்சாத்தான் வால் முள்ளால குத்தும். குத்திட்டா கை பொறுக்குற சூட்டுல வெந்நீர்ல காலை ஒரு மணி நேரம் போல வைக்கணும், வலி இறங்கும். வெந்நீர் எவ்வளவு சூடுன்னு அடிபடாத காலை விட்டுப் பாருங்க, குத்துப்பட்ட காலுக்குச் சூடு தெரியாம வெந்துடும். அப்புறம் முள் உடைஞ்சு உள்ள இருக்கான்னு டாக்டர்கிட்ட காட்டணும்.

சேத்துல கால் மாட்டிக்கிட்டா இழுக்க இழுக்க இறங்கும். பின்னால சாஞ்சு உட்கார்ந்து, எடையைப் பரப்பி, ஒரு காலை மெல்ல ஆட்டி ஆட்டித் தண்ணி உள்ள புகவிட்டு எடுக்கணும். செருப்பை விட்டுட்டு வந்துடலாம்.

தண்டையார்பேட்டை வகுப்பறை எழுதியது:

ரொம்ப நன்றி. "ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது" பற்றி யாரும் சொல்லவில்லையே? பிள்ளைகள் ஆசைப்படுவது அதுவும் தீ மூட்டுவதும்தான்.

கத்திவாக்கம் கயிறு எழுதியது:

எண்ணூர், அத்திப்பட்டு, பழவேற்காடு எதிலும் அதைச் செய்யாதீர்கள் சார். காய்ச்சினால் கிருமி சாகும். உப்பு போகாது, எண்ணெய் போகாது, அனல்மின் நிலையச் சாம்பலோடு வந்த உலோகம் போகாது. தண்ணீர் ஆவியாகப் போகப் போக இவை எல்லாம் அடர்த்தியாகும். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதைப் பிள்ளைகளே பார்த்திருப்பார்கள். "எந்தத் தண்ணீரைக் காய்ச்சினாலும் குடிக்கலாம்" என்று இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது பொய்யைச் சொல்லிக்கொடுப்பது.

பாடத்தை இப்படி மாற்றுங்கள். மூன்று கண்ணாடி டம்ளர். ஒன்றில் கலங்கிய மழைத்தண்ணீர், ஒன்றில் உப்புத்தண்ணீர், ஒன்றில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்ட தண்ணீர். மூன்றையும் நான்காக மடித்த பருத்தித் துணியில் வடிகட்டச் சொல்லுங்கள். முதலாவது ஓரளவு தெளியும், மற்ற இரண்டும் நாற்றத்தோடும் உப்போடும் அப்படியே இருக்கும். மண்ணெண்ணெய் முகர்ந்தாலே தெரியும், உப்பு கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாமலே உள்ளே இருக்கும், யாரும் வாயில் வைக்க வேண்டாம். வெள்ள நேரத்தில் மொட்டை மாடியில் பாத்திரம் வைத்துப் பிடிக்கும் மழைத்தண்ணீர்தான் நமக்குக் கிடைக்கும் நல்ல தண்ணீர். முதல் 10 நிமிட மழையை விட்டுவிட்டுப் பிடித்து, துணியில் வடிகட்டி, கொதிவந்த பின் ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டால் போதும். குளோரின் மாத்திரை போடுவதானால் வடிகட்டிய பிறகு போட வேண்டும். கலங்கல் தண்ணீரில் இருக்கும் மண்ணும் அழுக்கும் குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது.

முகாமுக்குக் குடிதண்ணீர் கேனில் கொண்டுபோங்கள். ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர், 45 பேர், 3 நாள்: 540 லிட்டர், அதாவது 27 கேன். சமையலுக்குத் தனி. காலியான கேனைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் இன்னொரு பாடம் உண்டு: மூடியை இறுக்கிய காலிக் கேன் ஏறக்குறைய 20 கிலோவைத் தாங்கி மிதக்கும். தலையை மட்டும் தண்ணீருக்கு மேல் வைக்க ஒருவருக்கு 5 கிலோ மிதப்பு இருந்தாலே போதும், அதாவது ஒரு காலி 5 லிட்டர் எண்ணெய் கேன் மார்போடு அணைத்தால் போதும். வெள்ளம் வரும்போது வீட்டில் தேட வேண்டிய பொருள் எது என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

பழைய சாரணர் எழுதியது:

எல்லாவற்றையும் வெட்டிவிட்டால் அது முகாமா, வகுப்பா? பிள்ளைகள் கையால் ஒரு ஆபத்தான பொருளைப் பிடித்து, அதை ஒழுங்காகக் கையாளக் கற்க வேண்டும். கத்தியும் தீயும் அதற்குத்தான். பசியும் கொஞ்சம் தெரியட்டும்.

சவுக்குத் தோப்பு எழுதியது:

அண்ணே, கத்தி, தீ இரண்டிலும் உங்களோடு உடன்படுகிறேன். பசியில் இல்லை. 13 வயதுப் பிள்ளை பட்டினியோடு வெயிலில் நடந்தால் மயங்கி விழும், அதைத் தவிர எதுவும் கற்றுக்கொள்ளாது. வீட்டில் பசி தெரிந்த பிள்ளைகளும் அந்த 40 பேரில் இருப்பார்கள். அடுப்பில்லாமல் பசியாறக் கற்றுக்கொடுப்போம்: அவலை 10 நிமிடம் ஊறவைத்து வெல்லமும் வேர்க்கடலையும். வெள்ளத்தில் காஸ் தீர்ந்த வீட்டிலும் இது நடக்கும்.

கத்தி: ஒரே நேரத்தில் 4 பேர், ஒரு ஆசிரியர். கை நீட்டிச் சுற்றினால் யார் மீதும் படாத இடைவெளி. உட்கார்ந்துதான் செதுக்க வேண்டும், தொடை மீது வைத்து அல்ல, முழங்காலுக்கு வெளியே. கத்தி உடம்பை விட்டு வெளிப்பக்கம் போக வேண்டும். மொக்கைக் கத்திதான் அதிகம் வெட்டும், அழுத்தம் கொடுக்க வேண்டியிருப்பதால் நழுவும்.

தீயில் தோப்புக்கு ஒரு தனி ஆபத்து. சவுக்கு ஊசி இலை காய்ந்து தரையில் மெத்தைபோல் கிடக்கும், ஒரு பொறி போதும். அடுப்பைச் சுற்றி 3 மீட்டர் வட்டத்தில் வெறும் மணல் தெரியும்வரை கூட்டி வாரிவிடுங்கள். மேலே கிளை தொங்கக் கூடாது. பக்கத்தில் 2 வாளி தண்ணீர் நிறைத்து வைத்த பிறகுதான் தீப்பெட்டி வெளியே வரலாம். நைலான் ஜெர்சி, பாலியஸ்டர் துப்பட்டா போட்டவர்கள் அடுப்புக்கு வரக் கூடாது, உருகித் தோலோடு ஒட்டும். பருத்தி மட்டும். கல் உரசுவதை விடுங்கள். ஈரத்தில் தீ பிடிக்க வைப்பதே உண்மையான கலை: தேங்காய் நாரைப் பிரித்துப் பஞ்சாக்கி, மேலே விரல்கனச் சுள்ளி, அதற்கும் மேலே கட்டைவிரல் கனம். ஆளுக்கு 3 தீக்குச்சிதான் என்று சொல்லுங்கள், தயாரிப்பில் கவனம் தானாக வரும். சவுக்கு ஊசி வேகமாகப் பற்றி வேகமாக அணையும். தேங்காய் ஓடு மெதுவாகப் பற்றி நின்று எரியும்.

அணைப்பதில்தான் பெரிய தவறு நடக்கிறது. மணலைப் போட்டு மூடிவிட்டுப் போவார்கள். மேலே பார்த்தால் சுத்தமான மணல். அடியில் கங்கு பல மணி நேரம் அப்படியே கனன்றுகொண்டிருக்கும், மேல் மணலும் கொதிக்கும். காலையில் வெறுங்காலோடு ஓடிவரும் பிள்ளை அதில்தான் மிதிக்கும். தண்ணீர் ஊற்று, கம்பால் கிளறு, மறுபடி ஊற்று. "புஸ்" சத்தம் நின்ற பிறகு புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார். வெதுவெதுப்பு இருந்தால் மறுபடி ஊற்று.

கூடாரம் பற்றி. 12க்கு 10 அடித் தார்பாய், 6 மி.மீ. கயிறு 10 மீட்டர், 4 மி.மீ. கயிறு 3 மீட்டர் வீதம் 6 துண்டு. இரண்டு மரத்துக்கு நடுவே பிள்ளையின் மார்பளவு உயரத்தில் கயிற்றை இறுக்கி, தார்பாயை மேலே போட்டு இரு பக்கமும் இழுத்துக் கட்டுங்கள். சரிவு போதாவிட்டால் நடுவில் மழைத்தண்ணீர் தொப்பையாகத் தேங்கி மொத்தமும் உட்கார்ந்துவிடும். ஜனவரியில் பகலில் காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும், அந்தப் பக்கத்தைத் தரையோடு தாழ்த்துங்கள்.

கடற்கரை மணலில் முளை நிற்காது. ஒரு அடி முளையை எவ்வளவு அடித்தாலும் முதல் காற்றில் வழுக்கி வந்துவிடும். அரிசிச் சாக்கில் பாதி மணல் நிரப்பி, கயிற்றை வாயில் இல்லாமல் சாக்கின் நடுவில் கட்டி, ஒன்றரை அடிக் குழியில் புதைத்து, மேலே மிதித்து இறுக்குங்கள். கயிறு கூடாரத்தை நோக்கிச் சாய்வாக வெளியே வர ஒரு சின்னக் கால்வாய் கீற வேண்டும். செங்குத்தாக மேலே வந்தால் சாக்கு கிளம்பிவிடும்.

நிழல்குச்சி எழுதியது:

திசை அறிவதைப் பற்றி யாரும் தொடவில்லை. குளிர்நாட்டுக் கையேட்டிலிருந்து எடுத்த பாடம் இங்கே பல இடத்தில் தப்பாகும்.

கைக்கடிகார முள்ளைச் சூரியனுக்குக் காட்டித் தெற்கு கண்டுபிடிப்பதை விட்டுவிடுங்கள். நம் ஊரில் சூரியன் உச்சிக்குக் கிட்டே போவதால் அது பெரிதாகப் பிசகும். "உச்சி வேளை நிழல் வடக்கே விழும்" என்பதும் சென்னைக்கு முழு உண்மை இல்லை. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை மதியச் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும், நிழல் தெற்கே விழும். நடுவில் மாறும் அந்த இரண்டு நாள்தான் நிழலில்லா நாள். ஜனவரி முகாமில் நிழல் வடக்கேதான் விழும், ஆனால் அதே பிள்ளை மே மாதத்தில் அதை நம்பினால் எதிர்த்திசையில் நடக்கும்.

எல்லா மாதமும் உதவுவது: 3 அடிக் குச்சியைச் செங்குத்தாக நட்டு, நிழல் நுனியில் ஒரு கூழாங்கல். அரை மணி கழித்து மறுபடி நுனியில் இன்னொரு கல். முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு.

இரவில் துருவ நட்சத்திரத்தைத் தலைக்கு மேலே தேடி ஏமாறுவார்கள். சென்னையில் அது தொடுவானத்திலிருந்து 13 பாகை உயரம்தான். கையை முழுக்க நீட்டி முஷ்டியைத் தொடுவானத்தில் வைத்தால் ஒரு முஷ்டி 10 பாகை, அதற்குச் சற்று மேலே. மூட்டமோ மரமோ இருந்தால் தெரியவே தெரியாது. அதனால் ஓரியன் என்ற நட்சத்திரக் கூட்டத்தைக் காட்டுங்கள். சிவந்த திருவாதிரைக்குப் பக்கத்தில் மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்கும். ஜனவரி கடைசியில் இரவு 7 மணிக்குக் கிழக்கு வானில் ஏறிக்கொண்டிருக்கும், 9 மணிக்கு உச்சிக்குக் கிட்டே, 3 மணி வாக்கில் நேர் மேற்கே இறங்கும்.

இன்னொன்று, வடசென்னைப் பிள்ளைக்குப் பழகிய அடையாளம் அனல்மின் நிலையப் புகைபோக்கி. வீட்டு மாடியில் அது வடக்கே. பழவேற்காட்டில் அதே புகைபோக்கி தெற்கே. வந்து இறங்கிய உடனே இதைச் சொல்லிவிடுங்கள், மனசு பழைய திசையிலேயே நிற்கும்.

ஆனால் தொலைந்துபோன பிள்ளை திசை பார்த்து நடக்கவே கூடாது. நின்ற இடத்தில் நின்று மூன்று மூன்று முறையாக விசில். விசிலுக்குள் குண்டு இருக்கும் வகை வேண்டாம், மணல் புகுந்தால் குண்டு சிக்கி ஊமையாகிவிடும்.

பெரம்பூர் அம்மா எழுதியது:

படிக்கப் படிக்கத் தைரியம் வருகிறது. நள்ளிரவு நடைக்கு யாராவது பதில் சொல்லுங்களேன். பூண்டி பக்கம் காட்டுக்குள் இருக்கும் குடியம் குகைக்கும் கூட்டிப் போகலாம் என்று சிலர் சொல்கிறார்கள்.

சவுக்குத் தோப்பு எழுதியது:

நள்ளிரவு நடை வேண்டாம்மா. இரவு 7 மணிக்கு முகாம் எல்லைக்குள்ளேயே கயிறு கட்டி, அதைத் தொட்டபடி 50 மீட்டர் டார்ச் இல்லாமல் நடக்க வைக்கலாம். மின்சாரம் போன படிக்கட்டில் இறங்குவதற்கு அதே பயிற்சி. கயிறு கட்டுமுன் அந்தப் பாதையை வெளிச்சத்தில் சுத்தமாகப் பெருக்குங்கள்.

குடியம் நல்ல இடம், ஆனால் வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் போகக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீ நடந்த பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன. முன்பதிவு செய்து பகலில் போய்ப் பகலில் திரும்பும் இடமாக வையுங்கள். இரவு தங்க அல்ல.

தண்டையார்பேட்டை வகுப்பறை எழுதியது:

திட்டத்தை மாற்றி எழுதிவிட்டேன். எறிகயிறும் முதலுதவியும் முகாமுக்கு முந்திய இரண்டு சனிக்கிழமை பள்ளி மைதானத்தில். தோப்பில் கூடாரம், அடுப்பு, தண்ணீர்ப் பாடம், நிழல்குச்சி. படகு, பட்டினி, நள்ளிரவு நடை எடுத்தாயிற்று. கழிவறை உள்ள தோப்புதானா என்று இந்த ஞாயிறு நேரில் பார்க்கிறேன். கடைசியாக ஒன்று: ஜனவரியிலும் திடீரென்று இடி மழை வந்தால்?

கத்திவாக்கம் கயிறு எழுதியது:

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள். 3 விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே எல்லோரும் கட்டடத்துக்குள் அல்லது வந்த பேருந்துக்குள். தார்பாய்க்குக் கீழே நிற்பது மரத்தடியில் நிற்பதற்குச் சமம், அது மரத்தில்தான் கட்டியிருக்கிறது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழிந்துதான் வெளியே வர வேண்டும், நடுவில் இன்னொரு இடி கேட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ணுங்கள்.

அதனால் பேருந்தை இறக்கிவிட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள். மூன்று நாளும் தோப்பு வாசலிலேயே, முகப்பு ரோட்டைப் பார்த்தபடி, ஓட்டுநரோடு நிற்கட்டும். ராத்திரியில் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பொன்னேரிக்குப் போக வேண்டியிருந்தாலும் அதே பேருந்துதான்.